எட்டு பீம் லைட்டும் ஒரு இணைச்சீரும்

வாங்க தம்பி, வாங்க. லைட்டுப் பாக்க வந்தவருதானுங்களே? திண்டுக்கல்லுல இருந்தா? அத்தனை தூரம் இந்த வெயில்ல வந்திருக்கறீங்க. வண்டிய அந்தச் செவுத்து நெழலுக்குத் தள்ளி உடுங்க. இந்த ஸ்பீக்கர் பொட்டி மேலயே உக்காருங்க, ஒண்ணும் ஆவாது, காலிப் பொட்டிதான்.

அதா, அந்தத் தார்ப்பாய்க்குள்ள இருக்குது பாருங்க. எட்டு பீமு, பன்னண்டு பாரு. பீமு குச்சியாட்ட வெளிச்சத்தை நீட்டி ஆடறதுக்கு, பாரு மேடைக்குக் கலரடிக்கறதுக்கு. நீங்களும் டிஜே பண்றவரு, உங்களுக்கு நான் சொல்லோணுமா? எட்டையும் பன்னண்டையும் ஒரே செட்டாத்தான் குடுக்கறது. பிரிக்கறதில்லீங்க.

இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருவீங்கதானே? அதான் எனக்கு முக்கியம். வெலை முன்னப்பின்ன இருந்தாலும் பேசிக்கலாம். நாளான்னைக்கு எங்களுக்கு ஒரு காதுகுத்து. ஊட்டுக்காரி கண்டிசனாச் சொல்லிப்போட்டா, இந்த லைட்டு இந்தக் குடோன்ல கெடக்கற வரைக்கும் உங்ககூடச் சேந்து ஒரு விசேசத்துக்கும் வரமாட்டேன்னு. அவ சொன்னா சொன்னதுதானுங்க. ரெண்டு மாசமாச்சு. எழவுக்கும் சரி, வளைகாப்புக்கும் சரி, அவ முன்னால பஸ்ஸுல போறா, நான் பின்னால வண்டியில போறேன். சனம் கேக்குதுங்க, "ஏஞ் சென்னியப்பா, சாந்தாமணி அப்பவே வந்துட்டா, நீ தனியா வாரே?"ன்னு. என்னன்னு சொல்றது? லைட்டுன்னா சொல்ல முடியும்?

லைட்டுல ஒரு கொறையும் இல்லீங்க. ஒரே ஒரு கண்ணாலத்துக்குத்தான் எரிஞ்சுது. புதுசு மாதிரிதான். அப்பறம் ஏன் விக்கறீங்கன்னு கேப்பீங்க. கேளுங்க, கேக்கோணும். காசு குடுத்து வாங்கறவரு கேக்காம இருப்பீங்களா?

எல்லாம் தனபாலு பண்ணுன வேலைங்க.

தனபாலு யாருன்னா எங்க சகலை. எங்க மாமனாருக்கு ரெண்டு பொண்ணு, ஒரு பையன். மூத்தவ என்ற ஊட்டுக்காரி சாந்தாமணி. எளையவ சிவகாமி. சிவகாமி ஊட்டுக்காரன்தான் இந்தத் தனபாலு. நாளான்னைக்குக் காதுகுத்தும் அவன் பொண்ணுக்குத்தான். ஊருக்குள்ள நாலு பேரு சொல்லுவாங்க, சென்னியப்பனுக்கு அவன் மேல பொறாமைன்னு. எனக்குப் பொறாமையே கெடையாதுங்க. என்ற பொறப்புலயே கெடையாது. நியாயம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா, அதைப் பேசறேன், அவ்வளவுதான்.

நீங்களே சொல்லுங்க. நான் பதினேழு வருசமா இந்தத் தொழில்ல இருக்கறேன். சென்னி சவுண்ட்ஸுன்னா காங்கேயத்துல இருந்து வெள்ளகோவில் வரைக்கும் கேட்டுப்பாருங்க. டிஜேங்கற பேரு நம்ம பக்கம் வாரதுக்கு முந்தியே நான் டிஜே. கேசட்டு, சிடி, பென்டிரைவு, எல்லாம் பாத்தவன். இவன் என்ன பண்ணீட்டிருந்தான்? செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டீட்டிருந்தானுங்க! நெசமாத்தான். பஸ் ஸ்டேண்டுக்கு எதுத்தாப்புல ஒரு டேபிளைப் போட்டு, ஒட்டறது, தொடைக்கறது, ஒட்டறது, தொடைக்கறது. அஞ்சு வருசத்துக்கு முந்தி திடீர்னு ஒரு லேப்டாப்பை வாங்கி, டீ-சர்ட்டுல "டிஜே தனா"ன்னு எழுதிப் போட்டுகிட்டான். ஆயிப்போச்சு. அவனும் டிஜே.

அவன்கிட்ட ஒரு கெட்ட பழக்கம் தம்பி, யாரையும் எதுத்தே பேச மாட்டான். என்ன சொன்னாலும் சிரிச்சுப்போட்டுப் போயிருவான். "சரிங்க சகலை, நீங்க சொன்னா சரிதானுங்க." இப்படிப் பேசறவனை என்னன்னு சண்டை புடிக்கறது? அந்தச் சிரிப்பைப் பாத்தா எனக்கு அப்படியே வவுறு எரியும். வவுத்தெரிச்சல் இல்லீங்க, எனக்கு அசிடிட்டி இருக்குது. டாக்டரே சொல்லியிருக்கறாரு.

போன வருசம் மாமனாரு ஊருல நோம்பி. கோயில் கமிட்டிக்காரங்க எனக்குச் சொல்லாம தனபாலுக்குச் சொல்லிப்போட்டாங்க. சரி, சின்னப் பையன், பொழச்சுப் போறான்னு நானும் சொந்தக்காரங்க மத்தியில ஒறம்பரையோட ஒறம்பரையா உக்காந்திருந்தேன். பொழுது மசங்குச்சு. எட்டு பீமு வெச்சிருந்தான். பாட்டு ஆரம்பிச்சுது, எட்டும் ஒண்ணா எந்திரிச்சு மேல போச்சு பாருங்க. காட்டுவெளி, நல்ல இருட்டு, பனி வேற எறங்கியிருக்குது, வெளிச்சம் அப்படியே கம்பு நட்ட மாதிரி நிக்குது. நான் வேணும்னே கீழ குனிஞ்சு செல்போனை நோண்டீட்டிருந்தேன். பக்கத்துல சாந்தாமணி அண்ணாந்து பாக்கறா. வாயைப் பொளந்துகிட்டுப் பாக்கறா. "ஏனுங்க, வானத்தைப் போயித் தொடுதுங்க"ங்கறா.

பதினேழு வருசம் தம்பி. பதினேழு வருசமா நானும் லைட்டுப் போடறேன். சீரியல் செட்டு போட்டிருக்கறேன், சுத்தற உருண்டை போட்டிருக்கறேன், பட்டுபட்டுன்னு மின்னறது போட்டிருக்கறேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அவ அண்ணாந்து பாத்திருக்கறாளா? அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறே எறங்கலீங்க. அதுக்கு மேல எங்க அத்தை வேற வந்து, "நீங்களும் இது மாதர ரெண்டு வாங்கிப் போடலாமுங்களே மாப்ள"ங்கறாங்க. ரெண்டாமா! அவனுக்கு எட்டு, எனக்கு ரெண்டு!

அப்பத்தான் மச்சினனுக்குக் கண்ணாலம் கூடி வந்துது. ஒரே பையன், யுவராஜுன்னு பேரு. மாமனாரு ரெண்டு மாப்ளைகளையும் கூப்புட்டு உக்கார வெச்சுப் பேசுனாரு. "ரெண்டு பேரும் ஒரே தொழிலு. மண்டபத்துல சவுண்டு, லைட்டு யாரு பாத்துக்கறீங்கன்னு நீங்களே பேசிக்குங்க"ன்னாரு. நான் தொண்டையைக் கனைச்சுகிட்டு ஆரம்பிக்கறதுக்குள்ள இவன் முந்திகிட்டான். "மூத்தவரு இருக்கறப்ப நான் எப்படிங்க மாமா? சகலையே பண்ணட்டுமுங்க"ன்னுட்டான்.

பாத்தீங்களா? நான் சண்டை போட்டு வாங்கியிருந்தா அது என்றது. இவன் உட்டுக் குடுத்து வாங்குனா அது யாரு குடுத்தது? அவன் குடுத்தது! மாமனாரு அவனைப் பாத்து அப்படியே குளுந்து போயிட்டாரு. "எளையவருக்கு எத்தனை பெரிய மனசு"ன்னு அத்தை சமையக்கட்டுல சொல்றது எனக்குக் கேக்குது. அதோட உட்டானா? வெளிய வந்து என்ற கையைப் புடிச்சுகிட்டு, "சகலை, என்ற பீமு எட்டும் சும்மாதான் கெடக்குது, எடுத்துக்குங்க, மண்டபத்துக்கு எப்படி வெக்கோணுமோ நான் வந்து வெச்சுத் தாரேன்"ங்கறான்.

அவன் லைட்டை நான் எடுத்துட்டுப் போயி வெக்கோணுமாமா! வேண்டாம் தனபாலு, நான் ஏற்கெனவே ஆர்டர் போட்டுட்டேன்னு சொல்லிப்போட்டேன். ஆர்டரும் போடல, ஒரு மண்ணும் போடல. வாயில வந்துருச்சு.

ஏன்னு கேளுங்க. நீங்க திண்டுக்கல் பக்கம், உங்களுக்கு இணைச்சீரு தெரியாது. எங்க பக்கம் கண்ணாலத்துக்கு மொத நாளு பொழுதோட நடக்கற சீருங்க. மாப்ளைக்குக் கூடப் பொறந்தவ அவன் பக்கத்துல நிப்பா. பொண்ணுக்குக் கட்டற கூறைச்சேலையை மூங்கில்ல பின்னுன பேழைமூடியில வெச்சு அவ இடுப்புல புடிச்சிருப்பா, சேலையோட ஒரு தலைப்பு மாப்ளை கையில இருக்கும். அருமைக்காரருன்னு ஊருப் பெரியவரு ஒருத்தரு முன்னால நின்னு சீரு பண்ணுவாரு, மங்கல வாழ்த்துப் பாடுவாங்க. ஊரே பாத்துட்டிருக்கும். அன்னைக்கு அவதான் எல்லாத்துக்கும் மேல. எத்தனை அக்கா தங்கச்சி இருந்தாலும் ஒருத்திதான் நிக்க முடியும். யுவராஜுக்கு சாந்தாமணிதான் நிக்கறதுன்னு முடிவாயிருந்துது. ஒரே தம்பி. ஆயுசுல ஒருக்கா.

சித்தே கிட்ட வாங்க தம்பி, மெதுவாச் சொல்றேன், பக்கத்துலதான் ஊடு, அவ காதுல உழுந்துரப் போவுது. என்ற பொண்டாட்டி அன்னைக்கு மேடையில நிக்கப் போறா. அவ மேல உழுகற வெளிச்சம் தனபாலு வெளிச்சமா இருக்கக் கூடாதுன்னு நெனச்சேனுங்க. அவ்வளவுதான். இது பொறாமைங்களா? நீங்களே சொல்லுங்க. உங்களுக்குக் கண்ணாலம் ஆச்சுங்களா? ஆச்சா, அப்பச் சரி, உங்களுக்குப் புரியும்.

லைட்டு வாங்கறதுக்கு அடுத்த வாரமே பஸ் ஏறிட்டேன். பெரிய ஊரு, பேரு வேண்டாம், சந்து பூராவும் இந்தக் கடைகதான். ஒரு கடையில உள்ள கூட்டிட்டுப் போனான். சன்னலே இல்லாத ரூமு. ஏசி. செவுத்துக்குக் கறுப்புப் பெயிண்டு. மொதல்லயே புகையை அடிச்சு நெப்பி வெச்சிருக்கறான். லைட்டைப் போட்டான் பாருங்க, என்ற சாமி! உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சுங்க. அந்த வெளிச்சத்துக்குள்ள சாந்தாமணி நிக்கற மாதிரியே இருந்துது.

கடைக்காரன் என்னென்னமோ சொன்னான். மண்டபம் எவ்வளவு ஒசரம், புகை போட உடுவாங்களா, வெளியவா உள்ளயான்னு கேட்டான். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். தனபாலு லைட்டோட போட்டோ என்ற போன்ல இருந்துது. அதைக் காட்டி, "இதுக்கும் அதுக்கும் எதுக்குங்க வெளிச்சம் எச்சா?"ன்னேன். அவன் போட்டோவைப் பாத்தான், என்ற மூஞ்சியைப் பாத்தான். "இதுக்குத்தாங்க எச்சு"ன்னான். போதுமின்னுட்டேன். பாரையும் அவனே தலையில கட்டுனான், பாதி வெலைக்கே தாரேன்னு.

பில்லுப் போடறப்ப கரெக்டா போனு. யாரு? தனபாலு! சிவகாமி சொல்லியிருப்பா போல. "சகலை, லைட்டை உங்க போன் கேமராவுல புடிச்சுப் பாத்துட்டு வாங்குங்க. கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும், சில லைட்டு வீடியோவுல கறுப்பு கறுப்பாப் பட்டை ஓடும். மொத செட்டுல நானும் அப்படித்தானுங்க ஏமாந்து போனேன்"ங்கறான். பாத்தீங்களா அவன் புத்தியை? நான் அவனைத் தாண்டற லைட்டை வாங்கறது அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. பொறுக்கல. எப்படியாச்சும் தடுத்துரலாமின்னு பாக்கறான். சிக்னல் இல்லை தனபாலுன்னு கட் பண்ணிப்போட்டேன்.

கண்ணாலத்துக்கு மொத நாளு மத்தியானமே மண்டபத்துக்குப் போயிட்டேன். போனாத்தான் தெரியுது, மேல பூராவும் ஃபால்ஸ் சீலிங்கு அட்டை அடிச்சு வெச்சிருக்கறான். நம்ம ஆளு ஒருத்தன் மேடையில நின்னுகிட்டுக் கையைத் தூக்குனாத் தட்டற ஒசரம். பீமு எங்க போயி நீளறது? எந்திரிச்ச ஒடனே அட்டையில முட்டிக்குது. சரி, புகையைப் போட்டாலாவது சித்தே தெரியும்னு மிசினை எடுத்து வெச்சேன். மண்டபத்து மேனேஜரு ஓடியாந்துட்டான். "புகை கிகை போட்டீங்கன்னா மேல இருக்கற நெருப்பணைக்கற குழாயி தன்னால தண்ணிய ஊத்தீருமுங்க, பந்தியில ஒறம்பரை நனைஞ்சுருவாங்க"ங்கறான். புகை இல்லைன்னா பீமு கண்ணுக்கே தெரியாதுங்க, உங்களுக்கே தெரியுமே. வெறும் வட்டம்தான் தெரியுது. அந்த வட்டம் எட்டும் மண்டபம் பூராச் சுத்துது. ஒண்ணு தாம்பாளத்து மேல, ஒண்ணு பொம்பளைங்க மூஞ்சி மேல, ஒண்ணு ஃபேன் மேல.

தனபாலு அப்பவே வந்துட்டான். ரெண்டாவது வரிசையில, புள்ளைய மடியில வெச்சுகிட்டு உக்காந்துட்டான். நான் பாக்கறப்பெல்லாம் இந்தப் பக்கமே பாத்துட்டிருந்தான். லைட்டை ஆட்டற போர்டை மேடை ஓரத்துலதான் வெச்சிருந்தேன். போர்டுல எட்டுக்கும் நம்பரு போடோணும் பாருங்க, அதுல ஒண்ணு தப்பி, நாலு இங்க திரும்புனா நாலு அங்க திரும்புது. நான் போர்டைப் பாத்துட்டே இருக்கறேன். நிமுந்தா அவன் மூஞ்சி. குனிஞ்சா போர்டு.

சீரு ஆரம்பிச்சுது. அருமைக்காரரு வயசானவரு, அவரு கண்ணுலயே ஒரு பீமு போயி நின்னுகிச்சு. கையைக் கண்ணுக்கு அண்டை குடுத்துகிட்டு, "அட அதை அக்கட்டால திருப்பு சாமி, எனக்கு மாப்ளையே தெரியலை"ங்கறாரு. சனம் சிரிக்குது. சரின்னு பீமைத் தணிச்சுட்டு, பாரு பன்னண்டையும் மேடை மேல முழுசா உட்டேன். ஊதா, பச்சை, செகப்பு, நல்லா மாறி மாறி வர மாதிரி வெச்சேன். நெம்ப அழகா இருந்துதுங்க. அப்பப் பாத்து மங்கல வாழ்த்துப் பாடறவரு நிறுத்திப்போட்டாரு. "என்ன சாமி, காத்தடிக்கற சத்தமா இருக்குது, என்ற பாட்டே எனக்குக் கேக்கலை"ங்கறாரு. லைட்டுக்குள்ள இருக்கற ஃபேனுங்க. எட்டுக்கும் எட்டு ஃபேனு, மாவு மில்லாட்டக் கத்துது. கடையில பாட்டை வெச்சுட்டு லைட்டைக் காட்டுனானுங்களா, ஃபேன் சத்தம் எனக்குக் கேக்கவே இல்லை. மைக்கைச் சித்தே தூக்கி வெச்சேன். கூன்னு கத்துச்சு. கொழந்தைக அழுக ஆரம்பிச்சுருச்சு.

அந்த நேரத்துல வீடியோக்காரரு வாராரு. பாலகுருன்னு, தெரிஞ்சவருதான். "அண்ணா, அந்தக் கலரு லைட்டை நிறுத்துங்க, கேமராவுல பட்டை ஓடுது. சீரு முடியற வரைக்கும் மண்டபத்து டியூப் லைட்டே போதும்"ங்கறாரு. நான் கேட்டிருப்பேன் தம்பி. சத்தியமாக் கேட்டிருப்பேன். ஆனா ரெண்டு நிமிசத்துக்கு முந்திதான் தனபாலு அவரு காதுல என்னமோ சொன்னதைப் பாத்தேன். நானே பாத்தேன். அப்ப யாரு பேசறது? பாலகுரு வாயில தனபாலு பேசறான். நிறுத்த மாட்டேன்னுட்டேன். "நீங்க உங்க வேலையைப் பாருங்க, என்ற வேலையை நான் பாத்துக்கறேன்"ன்னுட்டேன். அவரு கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போயிட்டாரு.

அடுத்த நாளு ரிசப்சனுக்கு மச்சினனே வந்து, "மச்சான், இன்னைக்குப் பாட்டு மட்டும் போடுங்க போதும், லைட்டு வேண்டாமுங்க"ன்னான். மாமனாரு எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. பாக்கறேன், தனபாலு வண்டியில இருந்து ரெண்டு ஸ்டேண்டை எறக்கறான். ரெண்டே ரெண்டு லைட்டு. வெறும் வெள்ளை! ஆடறதில்லை, சுத்தறதில்லை, மேடைக்கு ரெண்டு பக்கமும் நிக்குது, அவ்வளவுதான். இது ஒரு லைட்டிங்குங்களா? அதுக்குப் போயி ஊரே, "மேடை என்னமா இருக்குது, பொண்ணு மூஞ்சி என்னமாத் தெரியுது"ங்குது. பொண்ணு மூஞ்சி தெரியறதுக்கு டிஜே எதுக்குங்க?

அப்பறம் ஒரு மாசம் கழிச்சு வீடியோ வந்துது. மாமனாரு ஊட்டுல எல்லாரும் டிவி முன்னால உக்காந்து பாத்தோம். மொத நாளு, இணைச்சீரு. தனபாலு சொன்ன மாதிரியேதான் தம்பி. கறுப்பாப் பட்டை, கீழ இருந்து மேல போயிட்டே இருக்குது. யுவராஜு மூஞ்சி மேல ஏறுது, சாந்தாமணி மூஞ்சி மேல ஏறுது. ஒரு பட்டை போனா அடுத்தது வருது. அவ வாயி ஊதா, கன்னம் பச்சை. கம்பி ஜன்னலுக்கு அந்தாண்ட நின்ன மாதிரி இருக்குது. தனபாலு டக்குன்னு எந்திரிச்சு, "கரண்டு ஏத்தயெறக்கமா இருந்திருக்குமுங்க மாமா, லைட்டு மேல தப்பில்லை"ன்னான். எனக்காகப் பொய் சொல்றான்! எல்லாருக்கும் முன்னால! அவன் என்னைத் திட்டியிருந்தாக்கூட எனக்கு இத்தனை அவமானமா இருந்திருக்காதுங்க.

சாந்தாமணி ஊட்டுக்கு வந்துதான் சொன்னா, இந்தக் கண்டிசனை. நானும் வீறாப்பா இருந்து பாத்தேன். ரெண்டு மாசம். தனியாப் போயித் தனியா வந்து, போதுமின்னு ஆயிருச்சுங்க. இந்தக் காதுகுத்துக்காச்சும் ரெண்டு பேரும் ஒரே வண்டியில போயி எறங்கோணும். அவன் ஊட்டு வாசல்ல அவன் பாக்க எறங்கோணும். அதான் தம்பி சொல்றேன், நீங்க இன்னைக்கே ஏத்தீட்டுப் போயிருங்க. உங்களுக்குக் காட்டுவெளி நோம்பிதானே எச்சா? அப்ப இது உங்களுக்குத் தோதான லைட்டு. வீடியோவுக்கு மட்டும் பாரை எரிக்காதீங்க. பாருங்க, ஒளிக்காமச் சொல்லிப்போட்டேன்.

ஆமா, எந்த வாட்சப் குரூப்புல பாத்தீங்க தம்பி? நான் மூணு குரூப்புல போட்டிருந்தேன், ஒருத்தனும் சீந்தல. குரூப்புல இல்லீங்களா? நேருல ஒருத்தரு சொல்லி வந்தீங்களா? யாருங்க அது?

யாரு?

எந்தத் தனபாலு? டிஜே தனாவா?

எந்திரிங்க தம்பி. அந்தத் தார்ப்பாயை மூடுங்க. விக்கறதில்லை. கோவிச்சுக்காதீங்க, உங்க மேல எனக்கு ஒண்ணுமில்லை. என்ன சொல்லி உட்டான் உங்ககிட்ட? "எங்க சகலைகிட்டப் பேரம் பேசாதீங்க, கேக்கறதைக் குடுத்துருங்க, நல்ல மனுசரு"ன்னா? கேட்டீங்களா அவன் லொள்ளை! நான் நல்ல மனுசன்னு சொல்றதுக்கு இவன் யாருங்க? என்ற லைட்டுக்கு இவன் எதுக்கு ஆளு புடிக்கறான்? வாங்கறப்பவும் அவன், விக்கறப்பவும் அவனா? இது இங்கயே கெடந்து துருப்புடிச்சுப் போகட்டும். அவன் தயவுல இது இந்த ஊட்டை உட்டுப் போக வேண்டியதில்லை.

சாந்தாமணி, நீ ஏன் வெளிய வாரே? உள்ள போ. இது வேவாரம்.

என்ன?

நீயா? நீயா அவனுக்குப் போன் பண்ணுனே?

கேக்கறீங்களா தம்பி, இவதான் போட்டாளாமா போனை. "ஒரு ஆளு பாத்துக் குடுங்க தம்பி, காதுகுத்துக்கு எங்க ஊட்டுக்காரருகூடச் சேந்து வரோணும்"னு இவதான் கேட்டாளாமா. ஏன்டி, உலகத்துல வேற ஆளே கெடைக்கலியா உனக்கு? நான் என்னத்துக்கு இதை வாங்குனேன்னு ஒரு வார்த்தை தெரியுமா உனக்கு? தெரியுமா? எப்படித் தெரியும்? எத்தனை நேரமா அங்க நிக்கறே?

சரி, கேட்டயில்ல. நல்லதாப் போச்சு. ஆமா, உன்ற மேல அவன் வெளிச்சம் உழுகக் கூடாதுன்னுதான் வாங்குனேன். அதுல என்ன தப்பு?

என்ன கலரா? என்னது என்ன கலரு?

அன்னைக்குக் கட்டுனதா. அது... பட்டுதானே. பட்டுச்சேலைதான். கலரு... இரு, சொல்றேன். ஏன் அவசரப்படறே, இரு.

தம்பி, இவ கேக்கறதைப் பாருங்க. "என்ற மேல வெளிச்சம் உழுந்துதுல்லீங்களா, அப்ப நீங்க என்னையப் பாத்தீங்களா? சீருக்கு நின்னனே, என்ன கலருச் சேலையில நின்னேன், சொல்லுங்க பாக்கலாம்"ங்கறா. மேடை ஏறறதுக்கு முந்தி எங்கிட்ட வந்து, எப்படி இருக்குதுங்கன்னு கேட்டாளாமா. வயரை மிதிக்காதேன்னு சொன்னனாமா. அப்படியா சொன்னேன்? சொல்லியிருப்பேன். வயரு அங்கதான் கெடந்துது.

சாந்தாமணி, வீடியோவுல பாத்தாலும் தெரியாதே சாமி. அதுல ஒரு நிமிசம் ஊதாவா இருக்கறே, ஒரு நிமிசம் பச்சையா இருக்கறே. நான் போட்ட கலருதான் தெரியுது. நில்லு. சாந்தாமணி.

போயிட்டா.

ஏத்திக்குங்க தம்பி. தார்ப்பாயை இப்படி இழுங்க, ஒரு பக்கம் நான் புடிக்கறேன். பாத்து, கனமா இருக்கும். காசு நீங்க குடுக்கறதைக் குடுங்க.

அந்தச் சேலை என்ன கலருன்னு தனபாலுக்குத் தெரிஞ்சிருக்குமுங்க. ரெண்டாவது வரிசையில உக்காந்து சீரு முடியற வரைக்கும் மேடையப் பாத்துட்டே இருந்தான். அதைத்தான் தம்பி என்னால பொறுக்கவே முடியல.